தம்பி அனுப்பின டைனோசர் பல்: உண்மையா, ஒட்டு வேலையா?

ரேடியோகடை (கிளிநொச்சி):

எல்லோருக்கும் வணக்கம். வழக்கமாக இங்கே போன், இன்வேட்டர், சோலார் பற்றித்தான் எழுதுவேன். இது வேறு விசயம், சிரிக்கக் கூடாது.

மகள் தரம் 8 படிக்கிறாள். சின்ன வயதிலிருந்தே டைனோசர் பைத்தியம். பாரிஸில் இருக்கும் என் தம்பி அங்கே ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரு பல்லை வாங்கி, ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டான். கூட வந்த அட்டையில் ஸ்பைனோசோரஸ், மொரோக்கோ என்று எழுதியிருக்கிறது. நீளம் 8.2 சென்டிமீட்டர், நிறை 41 கிராம். நுனியும் நடுப்பகுதியும் மண்ணிறமாக மினுங்குகின்றன. அடிப்பகுதி முழுவதும் சிவப்பு மணல் இறுகிப் பிடித்திருக்கிறது.

இரண்டு கேள்வி. இது உண்மையா? உண்மையென்றால் அந்த மணலை எப்படி எடுப்பது? மூன்று கிழமையில் பள்ளிக்கூடத்தில் கண்காட்சி. மனைவி சவர்க்காரத் தூள் போட்டு ஊறவைக்கச் சொல்கிறார். அம்மா அதைத் தொடவே மாட்டேன் என்கிறார். "முதலைப் பல்லை ஏன்டா வீட்டுக்குள்ள வச்சிருக்கிறாய்" என்று காலையும் மாலையும் அர்ச்சனை.

பனங்காட்டான் (புதுக்குடியிருப்பு):

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். உனக்குத் தானமாக வந்ததே பல்லுத்தான், அதை எங்கே பிடித்துப் பார்ப்பாய்?

அம்மா சொன்னதுதான் சரி என்பது என் கட்சி. முத்தையன்கட்டுக் குளத்தில் இதைவிடப் பெரிய பல்லோடு உயிருடன் ஆள் திரிகிறார்.

பல்லுக்கட்டி (வவுனியா):

தம்பி, நான் பல்லுக் கட்டுகிற ஆள். முப்பது வருசமாக அக்றிலிக்கில் பொய்ப்பல் செய்து சீவிக்கிறேன். டைனோசரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் பொய்ப் பல்லை நல்லாகத் தெரியும்.

முதலில் எதையும் கழுவாதே. ஊறவைக்காதே. இப்போது இருக்கிறபடியே நாலு பக்கமும் படம் எடு. அடியையும் எடு, மணல் பல்லைத் தொடுகிற விளிம்பைக் கிட்டவாக எடு. போன் திருத்துகிற கடையில் நுண்ணோக்கி இருக்குமே, அதுக்குக் கீழே வை. மூன்று விசயம் பார்த்துச் சொல். மணலுக்குள்ளே ஊசிமுனை அளவில் வட்டமான குமிழி இருக்கிறதா? பல்லில் ஓடுகிற நீளக்கோடுகள் வெடிப்பைத் தாண்டி அதே நேரில் தொடர்கின்றனவா, இல்லை விலகி நிற்கின்றனவா? எங்கேயாவது மேலே உள்ள எனாமல் மெல்லிய கோதாகவும் உள்ளே இருப்பது வேறு நிறமாகவும் தெரிகிறதா?

கடைசியாகச் சொன்னதுதான் பெரிய சாட்சி. பெரும்பாலான பிராணிகளின் பல் அடுக்காகத்தான் இருக்கும். வெளியே எனாமல், உள்ளே டென்டைன், நடுவில் கூழ் இருந்த குழி. அச்சில் வார்த்த பல் கத்தரித்த சவர்க்காரம் மாதிரி, எங்கே வெட்டினாலும் ஒரே சாமான்.

கல்பொறுக்கி (மல்லாவி):

பல்லுக்கட்டி ஐயா சொன்னதை முதலில் செய்யுங்கள் அண்ணை. நான் பேராதனையில் புவிச்சரிதவியல் படித்தேன். பல் என் துறை இல்லை, கல் என் துறை. தெரிந்ததைச் சொல்கிறேன்.

மொரோக்கோவின் தென்கிழக்கில், அல்ஜீரிய எல்லைப் பக்கம், கெம் கெம் என்று ஒரு படிவு இருக்கிறது. சிவந்த மணற்கல். வயது ஏறக்குறைய 10 கோடி ஆண்டு. அந்தக் காலத்தில் அது பெரிய ஆறுகள் ஓடிய இடம். அங்குள்ள மக்கள் மலைச்சரிவில் கையால் சுரங்கம் தோண்டி எலும்பும் பல்லும் எடுக்கிறார்கள். எர்ஃபூத், றிசானி பக்கம்தான் வியாபாரம். ஸ்பைனோசோரஸின் பல் அங்கே நிறையவே கிடைக்கும். ஒரு இடத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பற்களைப் பொறுக்கி எண்ணியபோது பாதிக்குக் கொஞ்சம் குறைவானவை ஸ்பைனோசோரஸ் பற்களாம். டைனோசர்களுக்கு ஆயுள் முழுக்கப் பல் விழுந்து விழுந்து முளைக்கும். அதனால் உங்கள் தம்பிக்கு உண்மையான பல் கிடைத்திருப்பது அதிசயமில்லை. டைனோசர் பல்லுக்குள்ளே இதுதான் மலிவு.

மலிவு என்றால் யாராவது ஏன் பொய் செய்ய வேண்டும் என்று கேட்பீர்கள். முழுப் பொய் செய்வது குறைவு. இரண்டு உடைந்த பல்லைச் சேர்த்து ஒரு நீளப் பல்லாக ஆக்குவதுதான் வழக்கம். விழுந்த பல்லுக்கு வேர் இருக்காது, அது கரைந்துதான் பல் விழுகிறது. ஆகவே நீளமான முழு வேரோடு ஒரு தனிப் பல்லை விற்றால் என் புருவம் உயரும். சேர்த்த இடத்தை மறைக்கப் பசையில் மணலைக் குழைத்துப் பூசிவிடுவார்கள். உங்கள் பல்லில் அடிப்பகுதியில் மட்டும் மணல் இருக்கிறது என்றீர்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது.

வடிவம் பற்றி: ஸ்பைனோசோரஸ் பல் கூம்பு மாதிரி, குறுக்கே வெட்டினால் ஏறக்குறைய வட்டம். நீளவாக்கில் மெல்லிய வரிகள் இருக்கும். இரண்டு பக்கமும் விளிம்பு இருக்கும், ஆனால் அதில் அரம் மாதிரிப் பல்வரிசை இருக்காது. மீன் பிடிக்கிற பல் அது, இறைச்சி அறுக்கிற பல் இல்லை. அதே படிவில் தட்டையாக, அரப்பல்லோடு இருப்பது கார்க்கரோடொன்டோசோரஸ், அது வேறு ஆள்.

அம்மாவின் சந்தேகமும் முழுப் பிழை இல்லை. அதே மணற்கல்லில் முதலைப் பல்லும் கிடைக்கும். அதைக் கொண்டுவந்து டைனோசர் என்று விற்பதும் உண்டு.

ரேடியோகடை:

படங்கள் போட்டிருக்கிறேன். நேற்று கடை பூட்டிய பிறகு இரவு பதினொரு மணி வரை நுண்ணோக்கியில் தலையை விட்டபடி இருந்தேன். மகளும் தூங்கவில்லை.

நடுப்பகுதியில் நீளக்கோடுகள் தெளிவாக இருக்கின்றன. விளிம்பில் அரப்பல் இல்லை. ஓரிடத்தில் சில்லு கழன்றிருக்கிறது. அங்கே மேலே கறுப்பு கலந்த மண்ணிறத்தில் ஒரு மெல்லிய கோது, உள்ளே வெளிறிய நிறம். ஐயா சொன்ன அடுக்கு அதுதானே?

ஆனால் அடியில் நிலைமை சரியில்லை. மணலுக்குள்ளே குமிழிகள் இருக்கின்றன, வட்டமாக, ஒன்றிரண்டு இல்லை. நான் போன் கண்ணாடிக்கு அவசரமாகப் பசை விட்டால் உள்ளே எப்படிக் காற்று மாட்டுமோ, அப்படியே.

சூடாக்கிய ஊசியால் குத்திப் பார்க்கலாமா? பிளாஸ்ரிக் என்றால் மணக்குமே. சோல்டரிங் இரும்பு கையிலேயே இருக்கிறது.

பல்லுக்கட்டி:

ஓம், அதுதான் எனாமல். நடுப்பகுதி உண்மைப் பல் என்று நான் கையெழுத்து வைப்பேன்.

ஊசி வேண்டாம். இப்படியான பல்லுகளுக்கு மேலே பளபளப்புக்கு ஏதாவது வார்னிஷ் பூசியிருப்பார்கள். நீ ஊசி வைத்தால் வார்னிஷ் கருகி மணக்கும், நீ உண்மைப் பல்லைப் பொய் என்று எறிவாய். அதைவிட, கள்ள நோட்டு பார்க்கிற ஊதா லைட் இருந்தால் இருட்டறையில் அதை அடி. முழுப் பல்லும் கொஞ்சம் ஒளிர்ந்தால் பயப்படாதே. திட்டுத்திட்டாக, ஒரு கோட்டோடு நின்றுபோகிற மாதிரி வெளிர்நீலமாக ஒளிர்ந்தால் அங்கே பசை.

பாரிஸ்மாமா:

தம்பி வாங்கின சந்தை எனக்குத் தெரியும் போல இருக்கிறது. போன வருசம் நானும் ஒன்று வாங்கினேன். அதே சிவப்பு மணல்.

நான் செய்த கூத்தைச் சொல்கிறேன், நீங்கள் செய்யாதீர்கள். யாரோ இணையத்தில் சொன்னதைக் கேட்டு வினாகிரிக்குள் ஒரு இரவு போட்டுவைத்தேன். காலையில் எடுத்தால் மணல் அப்படியே கல்லு மாதிரி நிற்கிறது. பல்லின் பளபளப்புப் போய், சுண்ணாம்புத் துண்டு மாதிரி வெளிறி, நகத்தால் சுரண்டினால் மாவாக வந்தது. 35 யூரோ. மனுசி இன்றைக்கும் அதைச் சொல்லிக்காட்டுகிறார்.

கல்பொறுக்கி:

மாமா, மன்னிக்கவும், சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் எல்லோரும் அதைப் படித்தது நல்லது.

அந்த மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ், எங்கள் கடற்கரை மணல் மாதிரி. வினாகிரி அதைத் தொடாது. பல்லோ கல்சியம் பொஸ்பேட். புளித்த சாமான் எதுவும், தேசிக்காயோ பழப்புளியோ கொக்காகோலாவோ, அதைத் தின்னும். ஆக, விட வேண்டியதைத் தின்று, தின்ன வேண்டியதை விட்டுவிட்டது. சுண்ணாம்புக் கல்லுக்குள் இருக்கும் சில எலும்புகளை அமிலத்தில் வெளியே எடுப்பது உண்மைதான். அங்கே அமிலத்தை மிக நீர்ப்பாக்கி, எலும்பில் இருந்து கொஞ்சமும் கரையாதபடி பொஸ்பேட் சேர்த்து, அடிக்கடி கழுவி, மாதக் கணக்கில் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். குசினிப் போத்தல் வேலை இல்லை அது.

இன்னொன்று. எது எதைக் கீறும் என்று சொல்கிற மோஸ் அளவில் பல்லின் வன்மை ஏறக்குறைய 5. குவார்ட்ஸ் 7. உருக்கு ஊசி இரண்டுக்கும் நடுவில். அதனால் ஊசியால் மணலைச் சுரண்டினால் ஊசி தேயும், பல் கீறும், மணல் சிரிக்கும். தளர்ந்த மணல் இருக்கும்போது பிரஷ் போட்டுத் தேய்த்தாலும் பல்லுக்கு மணல்தாள் போட்ட கதைதான். முதலில் ஊதிவிட வேண்டும், பிறகுதான் பிரஷ்.

நெடுங்கேணி டீச்சர்:

விவாதம் அருமையாகப் போகிறது, இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். என் பிள்ளைகள் ஒவ்வொரு வருசமும் கேட்பார்கள்: எங்கட வன்னியில் தோண்டினால் டைனோசர் உயிர்ச்சுவடு கிடைக்குமா? நான் "தெரியாது பிள்ளை" என்று சமாளிக்கிறேன். கல்பொறுக்கி, நீங்கள் சொல்லுங்கள்.

கல்பொறுக்கி:

கிடைக்காது டீச்சர். மனவருத்தமான பதில்தான்.

எங்கள் காலுக்குக் கீழே பெரும்பாலும் இருப்பது உருமாறிய பழம் பாறை. நிலத்துக்கு வெகு ஆழத்தில் வெந்து பிசையப்பட்டது. எலும்புள்ள பிராணிகள் தோன்றுவதற்கு முந்தியது. அதற்குள் உயிர்ச்சுவடு தேடுவது சட்டிக்குள் வெந்த கறியில் மீனின் காலடியைத் தேடுவது மாதிரி. மேற்கே மன்னார், பூநகரி, வடக்கே யாழ்ப்பாணம் எல்லாம் மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல். அதில் சிப்பி, பவளம் என்று கடல் உயிர்கள் உண்டு. ஆனால் மயோசீன் தொடங்கியது 2.3 கோடி ஆண்டுக்கு முன்னர். டைனோசர் முடிந்தது 6.6 கோடி ஆண்டுக்கு முன்னர். ஆட்கள் போன பிறகு கட்டிய வீடு. இலங்கையில் டைனோசர் காலத்துப் படிவு என்றால் புத்தளம் பக்கம் தப்போவை, ஆண்டிகம என்று சின்னத் துண்டுகள்தான். அங்கே கிடைப்பது செடிகொடி.

பிள்ளைகள் முகம் வாடினால் இதைச் சொல்லுங்கள்: வரலாற்றுக்கு முந்திய மனிதரைப் படிக்கிறவர்கள் இலங்கையின் சிவப்பு மண்ணும் சரளையும் கலந்த ஒரு படிவுக்கு எங்கள் இரணைமடுவின் பெயரையே வைத்திருக்கிறார்கள். அதில் கல்லாயுதங்கள் கிடைக்கும். இரத்தினபுரி மாணிக்கக் குழிகளில் நீர்யானை, காண்டாமிருக எலும்புகள் கிடைத்து, பி.ஈ.பி. தெரணியகல அவற்றை ஆராய்ந்து எழுதினார். இன்றைக்கு இலங்கைக் காட்டில் அவை இரண்டுமே இல்லை.

ஆனால் தயவுசெய்து "போய்த் தோண்டிப் பாருங்கள்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். எங்கள் பக்கத்தில் கண்ணிவெடி எச்சரிக்கிற மண்டையோட்டுப் பலகை இன்னும் எல்லா இடத்திலும் கழற்றப்படவில்லை.

பனங்காட்டான்:

அதைச் சொன்னது சரி. எங்கள் வளவுக்குப் பின்னால் போன வருசம்தான் ஆட்கள் வந்து வெடிக்கவைத்துவிட்டுப் போனார்கள். வன்னியில் மண்ணுக்குள் கிடக்கிற பல்லுக்கு வயசு 10 கோடி இல்லை.

அரியலூரான்:

எல்லாருக்கும் வணக்கம், தமிழ்நாட்டிலிருந்து எழுதுறேன். உங்க ஊர்ல இல்லைன்னா என்ன, எங்க ஊருக்கு வாங்க. அரியலூர் பக்கம் கல்லமேடுன்னு ஒரு இடம். டைனோசர் காலத்தோட கடைசிப் பகுதி அங்க இருக்கு. 2013இல் அங்க கிடைச்ச ஒரே ஒரு குட்டிப் பல்லை வச்சு, ட்ரூடான்டிட் வகை டைனோசர் தென் கண்டங்களிலும் இருந்துச்சுன்னு கட்டுரை வந்துச்சு. ஒரு பல்லுக்கு அவ்வளவு மதிப்பு, ஏன்னா அது எந்த அடுக்கிலிருந்து வந்துச்சுன்னு தெரியும். சந்தையில வாங்கின பல்லுக்கு அந்த மதிப்பு வராது, எவ்வளவு பெரிசா இருந்தாலும்.

அதே கல்லமேட்டில் முன்னாடி பிரம்மாண்டமான ஒரு டைனோசரோட எலும்பு கிடைச்சுது, பெயர் புருகத்காயோசாரஸ். காப்பாத்த முடியாம நொறுங்கிப் போச்சு. இப்ப வரைபடமும் மங்கலான படமும்தான் மிச்சம். அதனால பல்லைச் சுத்தம் பண்றதுக்கு முன்னாடி, அது உதிராம இறுக்கிப் பிடிக்க என்ன பண்ணலாம்னு யோசிங்க.

இன்னொன்னு, உருண்டையா எது கிடைச்சாலும் டைனோசர் முட்டைன்னு கிளம்பிடுவாங்க. 2020 கடைசியில பெரம்பலூர்ல அப்படி ஒரு பரபரப்பு. கடைசியில பார்த்தா அம்மோனைட்ங்கிற சுருள் ஓட்டுக் கடல் பிராணியைச் சுத்தி உருண்ட மண் கட்டி.

ரேடியோகடை:

ஊதா லைட் அடித்துப் பார்த்தேன். இரவு கரண்ட் போன நேரம், அதுவே வசதியாகப் போய்விட்டது.

நடுப்பகுதி மங்கல். அடியில் மணல் முழுக்க வெளிர்நீலம், கோவில் திருவிழா மாதிரி. பல்லும் மணலும் சேருகிற இடத்தில் சுற்றிவர ஒரு வளையம். எதிர்பாராத இடம் நுனி. கடைசி 4 மில்லிமீட்டர் தனியாக ஒளிர்கிறது. வெறுங்கண்ணுக்கு அது அச்சு அசலாகப் பல்.

மகளிடம் சொல்லவில்லை. ஆனால் அவள்தான் லைட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பல்லுக்கட்டி:

நுனி செய்தவன் நல்ல கைவேலைக்காரன். என்னிடம் வந்தால் வேலை கொடுப்பேன்.

இனி உன் முடிவு. அசிட்டோனில் நனைத்தால் இப்படியான பசை பெரும்பாலும் இளகும். ஆனால் பசைதான் அந்தப் பல்லைப் பிடித்துக்கொண்டு இருக்கிறது என்றால், பல்லும் துண்டு துண்டாக உன் கையில் வரும். எப்பொக்சி என்றால் அசிட்டோனுக்கு மசியாது.

பாரிஸ்மாமா:

நான் சொல்கிறேன், விட்டுவிடுங்கள். பிள்ளைக்குச் சித்தப்பா அன்பாக அனுப்பினது. நடுப்பகுதி உண்மை என்று தெரிந்துவிட்டதே. ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து மூடுங்கள். என் பல்லு போன மாதிரிப் போகப்போகிறது.

கல்பொறுக்கி:

மாமா சொல்வதில் நியாயம் இருக்கிறது. அருங்காட்சியகத்திலேயே பழைய ஒட்டு வேலையைத் தேவையில்லாமல் கழற்றமாட்டார்கள். ஆனால் இது கண்காட்சிக்குப் போகிறது. "ஸ்பைனோசோரஸ் பல், 8.2 சென்டிமீட்டர்" என்று எழுதி வைத்தால் அதில் எவ்வளவு பல் என்று ஒரு பிள்ளை கேட்கும். பசை மணல் போலி என்று தெரிந்த பிறகு அதை அப்படியே காட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. மகளைக் கேளுங்கள் அண்ணை. பல்லு அவளுடையது.

ரேடியோகடை:

கேட்டேன். "கழட்டுங்கோ அப்பா" என்றாள். ஒரு நொடி கூட யோசிக்கவில்லை.

நேற்று மத்தியானம் செய்தேன். நகப்பூச்சு அழிக்கிற திரவம் வேண்டாம், அதில் எண்ணெயும் வாசமும் நிறமும் கலந்திருக்கும் என்று ஐயா தொலைபேசியில் சொன்னதால் சுத்தமான அசிட்டோன் வாங்கினேன். சோல்டரிங் இரும்பைக் கழற்றி, கடையின் முன்பக்கக் கதவையும் பின்கதவையும் திறந்துவைத்தேன். அசிட்டோன் ஆவி தீயைக் கண்டால் ஓடிவரும்.

முதலில் என் மடத்தனம். பல் உருளாமல் இருக்க ரெஜிபோமில் (பெட்டிகளுக்குள் வருகிற வெள்ளை நுரைப் பிளாஸ்ரிக்) ஒரு குழி வெட்டி அதில் வைத்து, பஞ்சில் அசிட்டோன் தொட்டு அடியில் ஒற்றினேன். ஐந்து நிமிடத்தில் ரெஜிபோம் பனிக்கட்டி மாதிரிக் கரைந்து வெள்ளைக் களியாகி, அந்தக் களி பல்லில் ஒட்டிக்கொண்டது. இருபது வருசமாக அசிட்டோன் பாவிக்கிறேன். பிளாஸ்ரிக்கை என்ன செய்யும் என்று வாடிக்கையாளருக்கு வகுப்பு எடுக்கிற ஆள் நான். மகள் சிரித்துச் சிரித்துக் கதிரையிலிருந்து விழப்பார்த்தாள். அந்தக் களியை எடுக்க இன்னும் அசிட்டோன், அரை மணித்தியாலம்.

பிறகு அடிப்பகுதியைப் பஞ்சால் சுற்றி நனைத்து, கண்ணாடி ஜாம் போத்தலுக்குள் வைத்துத் தகர மூடியால் மூடினேன். மூன்று மணித்தியாலம். எடுத்தபோது மணல் ஊறின பாண் மாதிரி. ஈர்க்கைச் சீவிக் கூராக்கி அதால் தள்ளினேன், அப்பம் அப்பமாகக் கழன்றது. ஈர்க்கு பல்லைக் கீறாது, மழுங்கினால் திரும்பச் சீவலாம், வளவுக்குள் நிறைய இருக்கிறது. இதைவிட நல்ல ஆயுதம் கடையில் இல்லை.

நாலாவது முறை பஞ்சை மாற்றியபோது "டிக்" என்று ஒரு சத்தம். அடிப்பகுதி முழுசாகத் தனியே வந்துவிட்டது.

படம் பாருங்கள். மேல் துண்டு 5.6 சென்டிமீட்டர், நுனியோடு சேர்த்து. அதன் அடி உள்ளே குழியாக இருக்கிறது, குழிக்குள் வேறு மாதிரியான மணல் கல்லாகவே இருக்கிறது, அசிட்டோனுக்கு அசையவில்லை. கீழ்த் துண்டு என்ன என்று தெரியவில்லை. உள்ளே தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கிறது.

கல்பொறுக்கி:

கீழ்த்துண்டு பல்லே இல்லை அண்ணை. அது எலும்பு. அந்தத் தேன்கூடு பஞ்செலும்பின் உள்ளமைப்பு. எந்தப் பிராணி என்று சொல்ல வழியில்லை. வேர் போலத் தெரியும் என்பதற்காகச் செதுக்கி ஒட்டியிருக்கிறார்கள். அதுவும் பழையதுதான், அதே மணற்கல்லிலிருந்து வந்திருக்கலாம், எறிந்துவிடாதீர்கள்.

மேல்துண்டு அழகு. அடியில் அந்தக் குழி, குழிக்குள் அசையாத மணல். உங்களிடம் உள்ள மிக நேர்மையான மணல் அதுதான். அதைத் தொடவே வேண்டாம். பிறகு யாராவது அடையாளம் காண வந்தால் அது சாட்சி.

அட்டையில் ஸ்பைனோசோரஸ் என்று எழுதாமல் "ஸ்பைனோசோரிட் குடும்பம்" என்று எழுதச் சொல்லுங்கள். ஒரு தனிப் பல்லை வைத்து அதற்கு மேல் போவது கஷ்டம். இதையும் மகளுக்குச் சொல்லலாம்: ஸ்பைனோசோரஸுக்குப் பெயர் வைத்தவர் எர்ன்ஸ்ட் ஸ்ட்ரோமர், 1915இல், எகிப்தில் கிடைத்த எலும்புகளை வைத்து. அந்த எலும்புகள் மியூனிக் அருங்காட்சியகத்தில் இருந்தன. 1944 ஏப்ரலில் விமானக் குண்டு விழுந்து எல்லாம் அழிந்தன. மிஞ்சியது அவருடைய வரைபடங்களும் சில படங்களும்தான்.

நெடுங்கேணி டீச்சர்:

குண்டு விழுந்து அருங்காட்சியகம் எரிந்தது என்றால் எங்கள் பிள்ளைகளுக்கு விளக்கம் தேவைப்படாது.

பல்லுக்கட்டி:

நுனியைக் கழற்றப் போகாதே தம்பி. அது எப்பொக்சி, வராது. வந்தாலும் உள்ளே உடைந்த முனைதான் இருக்கும். அப்படியே விட்டு அட்டையில் எழுது.

இப்போது பல்லை இறுக்க வேண்டும். சுப்பர் குளூ பூசாதே, அதைப் பிறகு எடுப்பது பெரும்பாடு.

கல்பொறுக்கி:

அருங்காட்சியகங்களில் பாவிப்பது பரலாய்ட் பி-72 என்கிற அக்றிலிக் பிசின். சின்னச் சின்ன மணியாக வரும், அசிட்டோனில் கரையும். நாளைக்கு வேண்டாமென்றால் அசிட்டோனாலேயே திரும்ப எடுக்கலாம், அதுதான் அதன் பெருமை. 100 மில்லிலீட்டருக்கு 5 கிராம் அளவில், தண்ணீர் மாதிரி ஐதாகக் கரைத்து, மெல்லிய தூரிகையால் விட்டால் வெடிப்புக்குள் தானாக உறிஞ்சிப்போகும். தடிப்பாகப் பூசினால் பிளாஸ்ரிக் பொம்மை மாதிரி மினுங்கும்.

ஆனால் மழைக்குள் செய்யாதீர்கள். இப்போது மாரி, காற்று முழுக்க ஈரம். அசிட்டோன் ஆவியாகும்போது பல் குளிர்ந்து, அதில் ஈரம் படிந்து, பிசின் வெள்ளையாகப் பூத்துவிடும். மழை ஓய்ந்து வெயில் எறிக்கிற ஒரு மத்தியானம் பார்த்துச் செய்யுங்கள். தப்பிப் பூத்துவிட்டால் பதற வேண்டாம், சுத்தமான அசிட்டோனைத் தூரிகையில் தொட்டு மேலால் ஒருமுறை ஓட்டினால் தெளியும்.

பாரிஸ்மாமா:

பி-72 இங்கே ஓவியப் பொருட்கள் விற்கிற கடையில் இருக்கிறது, நான் வாங்கிவிட்டேன். மச்சாள் வியாழன் வெளிக்கிடுகிறா, 100 கிராம் கொடுத்துவிடுகிறேன். பிள்ளைக்குச் சொக்கிலேற்றும் வருகிறது. காசு கதைக்க வேண்டாம்.

ரேடியோகடை:

மாமா, நன்றி. பொதி வந்தது. சொக்கிலேற் பல்லுக்கு முதலே முடிந்துவிட்டது.

இரண்டு நாள் மழை. மூன்றாம் நாள் பத்து மணிக்கு வெயில் வந்ததும் கடையை அரை மணித்தியாலம் சாத்திவிட்டுப் பூசினேன். பூக்கவில்லை. கைபேசிப் பலகை கழுவுகிற ஊதுகுழலால் முதலில் தூசியை ஊதி, பழைய மென்மையான பிரஷ்ஷால் தட்டி, பிறகு இரண்டு தடவை பிசின். நிறம் கொஞ்சம் ஆழமாகியிருக்கிறது, மினுக்கம் இல்லை.

கண்காட்சி நேற்று முடிந்தது. இரண்டு துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். கழற்றின பசை மணலை ஒரு சின்னப் போத்தலில் போட்டு அதையும் வைத்தாள். ஊதா லைட் ஒன்றைக் கறுப்புப் பெட்டிக்குள் பூட்டிக் கொடுத்தேன், ஓட்டை வழியாகப் பார்க்கலாம். நுனி ஒளிர்வதைப் பார்க்க வரிசை நின்றது. அட்டை முழுக்க அவளே எழுதினது: "ஸ்பைனோசோரிட் பல், கெம் கெம், மொரோக்கோ. நுனி 4 மில்லிமீட்டர் மனிதர் செய்தது. வேர் என்று ஒட்டப்பட்டது வேறு பிராணியின் எலும்பு. ரெஜிபோம் கரைந்தது அப்பாவின் பிழை."

கடைசி வரியை எடுக்கச் சொன்னேன். எடுக்கவில்லை.

தம்பிக்குப் பயந்து பயந்துதான் சொன்னேன். "அப்ப ரெண்டு சாமான் வாங்கியிருக்கிறன்" என்று சந்தோசப்படுகிறான்.

பனங்காட்டான்:

சரி, இப்போது பகிடி இல்லை. என்னிடமும் ஒரு பல்லு இருக்கிறது. போன கோடையில் முத்தையன்கட்டில் தண்ணி வற்றினபோது மருமகன் சேற்றுக்குள் எடுத்தான். 4 சென்டிமீட்டர், வெள்ளை, அடி பொள்ளல், கையில் வைத்தால் பாரமே இல்லை. படம் போட்டிருக்கிறேன். யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.

கல்பொறுக்கி:

முதலை. இந்தக் காலத்து முதலை, விழுந்த பல். அடி பொள்ளலாக இருப்பது அதனால்தான். அவர்களுக்கும் டைனோசர் மாதிரி ஆயுள் முழுக்க முளைக்கும். இலங்கையில் முதலை சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட பிராணி, அதன் பல்லை வீட்டில் வைத்திருந்து வில்லங்கத்தை வாங்காதீர்கள். எடுத்த இடத்திலேயே போட்டுவிடுங்கள், கரையில் நின்று.

பனங்காட்டான்:

கரையில் நின்றுதான். பல்லின் சொந்தக்காரர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்.